உடும்புச் சூரணமும் நீலத் தண்ணீரும்

என்னை வேலையிலிருந்து வழியனுப்பிய அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். சாமந்தி மாலை, கேசரி, காராபூந்தி, காப்பி எல்லாம் இருந்தது. பேச வந்தவர்களில் ஓர் இளம் டாக்டர், நல்ல பிள்ளைதான், என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார்: "நம்ம கம்பவுண்டரம்மா ஞானம்மாள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இதே கட்டடத்தில் உடும்பை வறுத்துப் பொடித்துச் சர்க்கரை வியாதிக்குச் சோதித்தார்களாம். அங்கிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேசரியையும் தொடவில்லை.

ஆமாம், சோதித்தோம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. சோதிக்காமல் சிரித்திருந்தால்தான் வெட்கப்பட வேண்டும். இதை அங்கேயே சொல்லலாம் என்று எழுந்தேன். "அம்மா உணர்ச்சிவசப்படுகிறார்" என்று சொல்லித் தலைவர் என்னை உட்கார வைத்துவிட்டார். எழுதுகிறவளை யாரும் உட்கார வைக்க முடியாது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

என் அப்பா ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர். தோலைப் பதப்படுத்த எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டைதான். ஊறப்போட்ட தொட்டிகளின் வாசனை எங்கள் வீட்டுத் துணியில், சோற்றில், தலைமுடியில் எல்லாம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்தேன். கிறிஸ்தவ வேதக்காரப் பெண், கை சுத்தம், வாய் நீளம் என்று மூன்றையும் சொல்லித்தான் ஆம்பூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை பழக எடுத்துக்கொண்டார்கள். மருந்து நிறுக்கவும் கலக்கவும் கற்றேன். கை சுத்தம் கடைசிவரை இருந்தது. வாய் என்ன ஆயிற்று என்று வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

என் மேலதிகாரி டாக்டர் ரத்தினவேலு. சித்தூர்ப் பக்கத்து மனிதர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகும். அவர் கத்துகிறார் என்றால் எல்லாம் நலம் என்று பொருள். முணுமுணுக்கிறார் என்றால் யாரோ தொலைந்தார்கள். சோதனைக் குழாயை அவரே கழுவுவார், என்னிடம் கூட விடமாட்டார். "சமையல்காரன் பாத்திரத்தை அடுத்தவன் கழுவினா கொழம்பு கெட்டுப்போவும்" என்பார். இதைச் சொன்ன மனிதருக்கே பிற்பாடு என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை.

சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். தாமிரச் சத்து கலந்த நீலக் கரைசல் ஒன்று உண்டு. நாங்கள் அதை நீலத் தண்ணீர் என்றே சொல்வோம். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நோயாளியின் சிறுநீரைச் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் ஜாஸ்தி, செங்கல் நிறத்தில் கலங்கினால் மிகவும் ஜாஸ்தி. டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தாங்கியில் நிறுத்துவார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று, ஆறுகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறத்தைச் சொல்ல வேண்டும். அவர் மஞ்சள் என்று, நான் பச்சை என்று சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து கொதிக்க வைக்க வேண்டும். பெரிய டாக்டர் சொன்ன நிறத்தைச் சின்னக் கம்பவுண்டர் திருப்பிச் சொல்லும் வழக்கம் எங்கள் அறையில் கிடையாது.

அந்த நாளில்தான் இன்சுலின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதுவரை சர்க்கரை வியாதி வந்த சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு, எலும்பாகிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி வந்த பிறகு எலும்பாய்க் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது. அந்த மருந்து மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் கணையத்திலிருந்து எடுத்தது. இது ஊருக்குள் தெரிந்ததும் உள்ளூர் வைத்தியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ஆட்டுப் பித்து, அதாவது பித்தப்பை, கொண்டுவந்தார். ஒருவர் நத்தை. ஒருவர் கழுதைப்பாலில் ஊறிய ஏதோ ஒன்று, அதன் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் இவர்களைக் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பான். எங்கள் டாக்டர் நாற்காலி போட்டார்.

"மாட்டு வயித்துல இருந்து எடுத்தது வேலை செய்யுது. ஆட்டு வயித்துல இருந்து எடுத்தது செய்யாதுன்னு பார்க்காமலே நான் எப்படிச் சொல்றது ஞானம்மா?" என்று என்னைக் கேட்டார். சிரித்த கூட்டத்தில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதி அனுப்பட்டும்.

சோதனைக்குச் சட்டம் வைத்திருந்தார். இன்சுலின் ஊசியில் உயிர் நிற்கிறவர்களை எந்தச் சோதனையிலும் சேர்க்கக் கூடாது. வயது முதிர்ந்து, சிறுநீரில் லேசாகச் சர்க்கரை இறங்குகிறவர்கள், தாங்களாக ஒப்புக்கொண்டால் மட்டும். ஒரே சாப்பாடு, ஒரே படுக்கை. கொஞ்ச நாள் மருந்தில்லாமல் பார்ப்போம். பிறகு மருந்து கொடுத்துப் பார்ப்போம். பிறகு நிறுத்திப் பார்ப்போம். நிறம் மருந்தோடு மாறி, நிறுத்தினால் திரும்பி வந்தால்தான் மருந்துக்குப் பெருமை. ஆட்டுப் பித்துக்கு நிறம் மாறவில்லை. நத்தைக்கும் மாறவில்லை. வைத்தியரைக் கூப்பிட்டு, குழாயைக் காட்டி, "பாருங்க, ஆவல" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்புவோம். ஒருவரையும் அவமானப்படுத்தியதில்லை.

அப்படி வந்தவர்தான் கலவை என்ற ஊரைச் சேர்ந்த கோவிந்தசாமி வைத்தியர். ஒல்லியான மனிதர், வெற்றிலை போடமாட்டார், அதிகம் பேசமாட்டார். அவருடைய மருந்து உடும்புச் சூரணம். உடும்பின் கறியையும் பித்தையும் வெயிலில் உலர்த்தி, நெய்யில் வறுத்து, இடித்துச் சலித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார். பத்தியம் கடுமை. மருந்து சாப்பிடுகிற ஒரு மண்டலமும் தோல் வாடை படக் கூடாது. தோல் ஷாப்புப் பக்கமே போகக் கூடாது. குடிக்க, குளிக்க, சிறுநீர் பிடிக்க எல்லாவற்றுக்கும் புது மண்சட்டி. இது அவர் அப்பா காலத்து வழக்கம்.

அதே சமயம் ஒரு தோல் ஷாப்பின் மேனேஜர் காதர் சாயபு எங்களிடம் வந்தார். அவருடைய தம்பி சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "என் ஆளுங்க ஒருத்தனும் அப்டிப் போவக் கூடாது டாக்டர் சாப். எல்லாரையும் பார்த்துடுங்க" என்றார். நல்ல மனசு. ஆட்கள் விடியலில் வேலைக்கு வந்துவிடுவதால் அங்கேயே சிறுநீர் பிடித்து வண்டியில் அனுப்பினார். மற்றப் பகுதி ஆட்கள் எல்லோருக்கும் நீலம். பட்டைத் தொட்டியில் நின்று வேலை செய்கிற ஐந்து பேருக்கும் செங்கல் நிறம்.

ஐந்து பேரும் கட்டுமஸ்தான ஆட்கள். தாகம் இல்லை, இளைப்பு இல்லை. பட்டைத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு இந்த வியாதி சத்தம் இல்லாமல் வருகிறதோ என்று டாக்டர் யோசித்தார். நானும் கூடச் சேர்ந்து யோசித்தேன். வயது முதிராதவர்கள் என்றாலும் ஊசி அவர்களுக்கு இப்போது வேண்டாம் என்று முடிவு செய்து, அவர்கள் ஒப்புக்கொண்டதும் கோவிந்தசாமி வைத்தியரிடம் விட்டோம். அவர் பத்தியம் சொன்னார். சாயபு சம்பளத்தோடு லீவு கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னார். சூரணம் ஆரம்பித்த சில நாளில் ஐந்து பேரும் புது மண்சட்டியில் கொண்டுவந்தார்கள். கொதிக்க வைத்தோம். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"நீலம்!"

டாக்டர் நம்பவில்லை. மண்டலம் முடிந்ததும் மருந்தை நிறுத்தி, அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார். வண்டியில் சிறுநீர் வந்தது. செங்கல் நிறம். மறுபடி சூரணம், மறுபடி மண்சட்டி, மறுபடி நீலம். மருந்து கொடுத்து, நிறுத்திப் பார்க்கும் எங்கள் சட்டத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் உடும்பு தேறிவிட்டது. நான் சந்தோஷத்தில் மருந்துச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். டாக்டர் எல்லோரையும் பார்த்து உரக்கக் கத்திக்கொண்டிருந்தார், அவ்வளவு மகிழ்ச்சி. சேதி குடியாத்தம் வரை, ராணிப்பேட்டை வரை போயிற்று. வைத்தியர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, சாமிக்குப் படையல் போட வேண்டும் என்று ஊருக்குப் போனார்.

சேதி பள்ளிகொண்டாவுக்கும் போயிற்று. அங்கே துரைசாமி என்று ஒரு விவசாயி. அவருடைய ஒரே மகள் அலமேலு, பதினான்கு வயது இருக்கும். ஒரு வருஷமாக எங்கள் ஊசியில் இருந்தாள். ஊரிலேயே ஒரு வைத்திய உதவியாளர் தினமும் போட்டுவிடுவார். வாய் ஓயாத பெண். ஆஸ்பத்திரிக்கு வந்தால் என் அளவைக் கிண்ணங்களை வைத்துக் கடை விளையாடுவாள். அப்பாவுக்கு மட்டும் அந்த மருந்து மாட்டினுடையது என்பது நெஞ்சில் முள்ளாக இருந்தது. டாக்டரிடம் வந்து நின்றார்.

"அஞ்சு பேருக்கு ஆச்சுன்னு சொல்றாங்க. என் பொண்ணுக்கு ஆவாதுங்களா?"

"ஊசி போடறவங்களுக்கு இந்தச் சோதனை கெடையாது துரைசாமி. அவங்க வேற, உன் பொண்ணு வேற. ஊசிய மட்டும் நிறுத்திடாதே" என்றார் டாக்டர். துரைசாமி கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டவர் கேட்டுக்கொண்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

பிறகு ஒரு காலை. அந்த ஐந்து பேரில் ஒருவன், மாரி என்று பெயர், காலில் கத்தி பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அப்போது அவன் சூரணம் சாப்பிடவில்லை, வேலையில் இருந்தான். அன்று காலை வண்டியில் வந்த அவனுடைய சிறுநீர் செங்கல் நிறம் காட்டி, குழாய் இன்னும் தாங்கியில்தான் இருந்தது. காயத்துக்குத் தையல் போடுவதற்கு முன் டாக்டர் எங்கள் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னார். கொதிக்க வைத்தோம்.

நீலம்.

"குழாய் மாறிப்போச்சு" என்றேன். மாறவில்லை. மறுபடி கொதிக்க வைத்தோம். நீலம். ஒரே ஆள், ஒரே காலை, ஒரு குழாய் செங்கல், ஒரு குழாய் நீலம். டாக்டர் மெதுவாகத் திரும்பி, மாரியின் சிறுநீர் வந்த ஜாடியை எடுத்தார். பழுப்பு நிறச் சீமை ஜாடி. ஐந்து பேருக்கும் அதே மாதிரி ஐந்து ஜாடி. காலி செய்து, வடிகட்டிய தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, என்னிடம் நீட்டினார். "இதைக் காய்ச்சு" என்றார். குரல் காதில் விழவே இல்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

வெறும் தண்ணீர் செங்கல் நிறமாயிற்று.

அவர் குச்சியில் பஞ்சு சுற்றி ஜாடியின் அடியைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. முகர்ந்து என்னிடம் கொடுத்தார். என் அப்பாவின் சட்டை வாசனை. தொட்டித் தண்ணீரின் நிறம் ஏறிவிட்டதா என்று பார்க்க, அதை மொண்டு வைக்கும் ஜாடிகள் அவை; மற்றப் பகுதி ஆட்களுக்கு வேறு பாத்திரம். அடியில் ஆவாரம்பட்டைச் சாறு பிசினாகக் காய்ந்திருந்தது. பழுப்பு ஜாடிக்குள் பழுப்புக் கறை யார் கண்ணுக்குத் தெரியும்? அந்தச் சாறுதான் எங்கள் நீலத் தண்ணீரைச் செங்கலாக்கியது. பத்தியத்தில் வீட்டில் இருந்தபோது புது மண்சட்டி, அதனால் நீலம். வேலைக்குத் திரும்பினால் மறுபடி ஜாடி. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சர்க்கரை வியாதிக்கே அந்தச் செடியைப் புகழ்ந்து ஊரெல்லாம் சொல்லும். அந்த ஆவாரையே எங்களிடம் வந்து ஐந்து பேருக்கு வியாதியை உண்டாக்கியது. குழாயை அப்படிக் கழுவிய மனிதர் ஜாடியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் பார்க்கவில்லை.

வேறு டாக்டராக இருந்தால் ஜாடிகளை உடைத்துப் போட்டுவிட்டு, சூரணம் பலிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருப்பார். எங்கள் டாக்டர் சாயபுவையும் வைத்தியரையும் உடனே வரவழைத்தார். வைத்தியர் அன்று ஆம்பூரிலேயே இருந்தார். அவர்கள் கண்ணெதிரே ஜாடித் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

"சாயபு, இந்தத் தண்ணிக்குச் சர்க்கரை வியாதி" என்றார்.

"இன்னா டாக்டர் சாப், வெளையாட்றீங்களா?" சாயபுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லது செய்யப்போனா என் ஜாடி மேலயே பழியா? கழுவித்தானே கொடுத்தோம்? இது பெரிய பேஜாரா இருக்குதே!"

வைத்தியர் வெளியே போனார். கிணற்றில் தானே தண்ணீர் சேந்திக்கொண்டு வந்தார். "இதை ஊத்திக் காட்டுங்க" என்றார். காட்டினோம். வேறொரு ஜாடியில் காட்டச் சொன்னார். காட்டினோம். பிறகு அதே தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொன்னார். நீலமாகவே நின்றது.

"அப்போ அந்த அஞ்சு பேருக்கும்?"

"வியாதியே இல்ல வைத்தியரே. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

"இல்லாத வியாதியையா நான் தீர்த்தேன்?" என்றவர் சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் ஐயா, பள்ளிகொண்டாவுல ஒரு பொண்ணுக்குக் கொடுத்திருக்கேன். துரைசாமி வந்து அழுதான். பத்தியத்துக்கு ஊசி ஆவாது, நிறுத்திடுன்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. உள்ளே பிரசவ மேஜையில் ஒருத்தி குறுக்கே கிடந்த பிள்ளையோடு காத்திருந்தாள். டாக்டரால் நகர முடியாது. மருந்தை ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, அளவைச் சொல்லி, என்னையே திருப்பிச் சொல்ல வைத்தார். சாயபு இன்னும் உறுமிக்கொண்டிருந்தார். ஆனால் வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டவரும் அவர்தான். "என் மோட்டாரை எடுத்துட்டுப் போங்க. சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்."

பாலாற்றை ஒட்டிய சாலையில் நானும் வைத்தியரும் பின்னால் உட்கார்ந்து போனோம். மாதனூர் தாண்டினோம். எனக்கு அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. ஊசியை நிறுத்தச் சொல்ல நீ யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவராகவே சொன்னார்.

"அம்மா, சிறுநீர் விட்ட எடத்துல எறும்பு மொய்க்குதான்னு கேக்கணும். எங்கப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். அந்த அஞ்சு பேரை நான் கேக்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலேயே பார்த்துட்டாங்களே, நமக்கு எறும்பு இன்னாத்துக்குன்னு விட்டுட்டேன்."

என் ஆத்திரம் எங்கே போவதென்று தெரியாமல் என் மேலேயே திரும்பியது. அவர் ஏமாற்றவில்லை. எங்கள் நீலத் தண்ணீரை நம்பினார். தன் அப்பாவை விட எங்களை நம்பினார். இதை அந்த இளம் டாக்டர் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும்: தப்பு உடும்பிடம் ஆரம்பிக்கவில்லை, எங்களிடம் ஆரம்பித்தது.

வீட்டில் அலமேலு பாயில் கிடந்தாள். அம்மாக்காரி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குக் கண் செருகியிருந்தது. ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாள், நெடுந்தூரம் ஓடி வந்தவளைப் போல. மூச்சில் அழுகிய பழ வாசனை. ஊசிக்கு முந்திய காலத்தில் அந்த மூச்சோடு வந்த பிள்ளை ஒன்றுகூட வீடு திரும்பியதை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் துரைசாமி வெண்கலக் கிண்ணத்தில் சூரணத்தைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க. ஊசி கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

"வேணாம் நர்சம்மா. ஒரு வருஷம் மாட்டை ஏத்துனேன். அந்தப் பாவம்தான் இப்டிப் படுத்துது."

"பாவ புண்ணியம் அப்புறம் பேசலாம். அந்த மூச்சைப் பாருங்க. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு போய்டுவா!"

"போனா போவட்டும்" என்று சொன்னவரின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "மாட்டைக் கும்பிட்டுப் பொழைக்கிற குடும்பம். இனிமே ஏத்த மாட்டேன்."

நான் கெஞ்சினேன். கத்தினேன். அவர் அசையவில்லை. வைத்தியர் வந்து, துரைசாமியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். முற்றத்துக் குப்பைக் குழியில் கவிழ்த்தார். மடியிலிருந்த சூரண டப்பாவையும் திறந்து அதன் மேல் கொட்டினார்.

"துரைசாமி, என் சூரணம் ஒருத்தனையும் கொணமாக்கல. அந்த அஞ்சு பேருக்கும் வியாதியே கெடையாது. ஜாடியில ஒட்டியிருந்த பட்டைத் தண்ணிய வியாதின்னு நெனைச்சுட்டோம். நானும்தான் நெனைச்சேன்."

"உங்களைப் பாதிரியார் ஆளுங்க மெரட்டிட்டாங்களா வைத்தியரே?"

"யாரும் மெரட்டல. கொல்லையில உன் பொண்ணு குந்துற எடத்தைப் போய்ப் பாரு. எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருக்கும்."

துரைசாமி போகவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சுவரோரம் குந்தி முகத்தை மூடிக்கொண்டார். "அப்போ அந்தப் பாவம்?" என்றார்.

"பாவம் எனக்கு. எத்தனை உடும்பைக் கொன்னிருக்கேன், இதுவும் என் தலையிலேயே இருக்கட்டும்."

துரைசாமி எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அப்டின்னா நீங்களே போடுங்க. உங்க கை பட்டா அது மருந்து. அவங்க கை பட்டா அது மாடு."

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் உண்டு. பயிற்சி பெறாத கை ஊசியைத் தொடக் கூடாது. தமிழிலும் இங்கிலீஷிலும் சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அம்மாக்காரியின் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்து, மருந்தை அளவு பார்த்து ஏற்றி, கோவிந்தசாமி வைத்தியரைக் கிணற்றடியில் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லி, அவர் கையில் கொடுத்தேன். அவருடையது நாடி பிடித்துப் பழகிய கை. தோலைச் சேர்த்துப் பிடிங்க, சாய்ச்சுக் குத்துங்க, மெல்ல அழுத்துங்க என்று நான் சொல்லச் சொல்லச் செய்தார். துளிகூடச் சிந்தவில்லை.

ஊசி இறங்கியதும் துரைசாமியின் பிடிவாதமும் இறங்கிவிட்டது. மகளைத் தானே தூக்கி மோட்டாரில் கிடத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். உப்புத் தண்ணீர் ஏற்றினோம், மறுபடி மறுபடி ஊசி போட்டோம். மறுநாள் அவள் கண்ணைத் திறந்தாள்.

அதன் பிறகும் துரைசாமி வைத்தியர் கையைத் தவிர வேறு கையை ஏற்கவில்லை. எங்கள் டாக்டர் வைத்தியரை ஆஸ்பத்திரியில் வைத்து முறையாகப் பழக்கினார். கலவை ஊரை விட்டுப் பள்ளிகொண்டாவிலேயே வந்து தங்கி, அலமேலு தானே போட்டுக்கொள்ளப் பழகும்வரை அவர்தான் தினமும் போட்டார். சூரணத்தை அதற்குப் பிறகு அவர் இடிக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் ஜாடிக் கதையைத் தானே சொல்லித் திருப்பி அனுப்பினார். பாதிரியாருக்கு விலைபோய்விட்டார் என்று ஊர் பேசியது. மற்ற வைத்தியமும் கம்மியாகிப்போயிற்று. தன் மருந்து பலிக்கவில்லை என்று தன் வாயால் ஊர் ஊராகச் சொன்ன இன்னொரு வைத்தியரை, நாட்டு வைத்தியரோ சீமை வைத்தியரோ, இத்தனை வருஷத்தில் நான் பார்க்கவில்லை. அலமேலு இன்று இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். வாய் இப்போதும் ஓயவில்லை.

மற்றவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் என் சேவையைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். என் மேல் நடந்த விசாரணையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பள்ளிகொண்டாவுக்குப் போய் வந்த மூன்றாம் நாள் மிஷன் மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். டாக்டர் ரத்தினவேலுவை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவருடைய முணுமுணுப்பு கதவுக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரி ஊசியை ஒரு நாட்டு வைத்தியன் கையில் கொடுத்தாயா?"

"கொடுத்தேன்."

"சட்டம் தெரியுமா?"

"தெரியும். அந்தப் பலகையைத் தெனமும் தொடைக்கறதே நான்தான்."

"கிராமத்தில் வைத்துக் கட்டாயப்படுத்தினார்கள், பயத்தில் கொடுத்தேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடு. இதோடு விட்டுவிடுகிறோம்."

"யாரும் கட்டாயப்படுத்தல. யோசிச்சுத்தான் கொடுத்தேன். நாளைக்கு அதே மாதிரி வந்தா, நாளைக்கும் கொடுப்பேன்."

சோதனை அறையிலிருந்து என்னை எடுத்து, கட்டுத்துணி வேக வைக்கிற கொட்டகையில் போட்டார்கள். டாக்டர் சண்டை போட்டுத் திரும்பக் கொண்டுவர ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷத்துக்காக நான் அழவில்லை. விசாரணை முடிந்து போகலாம் என்று அவர்கள் கை காட்டியபோது நான் அங்கேயே நின்றேன். சட்டத்தைக் கேட்டார்கள், ஊசியைக் கேட்டார்கள், வைத்தியரின் ஜாதியைக் கூடக் கேட்டார்கள். மூன்று பேரில் ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பொண்ணு பொழைச்சுட்டா. காலையில கேழ்வரகுக் கூழ் கேட்டா. கொடுத்தோம்."